கழுவாத ஒருவர்

சின்னவள் ஒரு ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். தலையில் ஏற்கனவே ஒரு கடை திறக்கும் அளவுக்குப் பின்கள் இருந்தன. ஆனாலும் அவள் விடுவதாக இல்லை.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு நீளமான சிமென்ட் தொட்டி உண்டு. அதன்மேல் வரிசையாகக் குழாய்கள், குழாய்களுக்கு நடுவே சோப்புக் கிண்ணங்கள். தொட்டி முடிகிற இடத்தில், யாரோ எந்தக் காலத்திலோ மாட்டிவிட்டு மறந்துபோன, ஓரம் கறுத்த கண்ணாடி. சாப்பாட்டு மணி அடித்ததும் சின்னவள் அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வாள். யாராவது சோப்புப் போட்டுக் கை கழுவினால் ஒரு ஹேர்பின் அவள் தலைக்கு ஏறும். கழுவாமல் கூடத்துக்குள் நுழைந்தால் ஓர் ஊக்கு அவளுடைய பையின் வாருக்கு ஏறும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எங்காவது மறைவாகப் போய் எல்லாவற்றையும் கழற்றி எண்ணிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு அவள் மூளையில் உதித்ததுதான். பொதுச் சுகாதாரப் பட்டப்படிப்பில் அவளுக்கு அது இரண்டாம் ஆண்டு. ஏதாவது ஓர் இடத்தில் மக்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் ஆண்டு முடிவுத் திட்டவேலை. அதற்கு வகுப்பு மேடம் ஒரே ஒரு விதிதான் சொல்லியிருந்தார்.

"நீ பாக்கறது அவங்களுக்குத் தெரியக்கூடாது. ஆள் பாக்குதுன்னு தெரிஞ்சா திருட்டுப் பூனைகூட மரியாதையா உக்காந்திருக்கும்."

பேனாவும் காகிதமுமாக ஒருத்தி நின்றால் பூனைகளுக்குத் தெரிந்துவிடும். தலை வாரிக்கொண்டு ஒருத்தி நின்றால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று சின்னவள் நினைத்தாள். அங்கேதான் பிசகு ஆரம்பித்தது.

அவள் இந்தப் படிப்பில் சேர்ந்த கதையே ஒரு தனிக் கூத்து. செய்தி தெரிந்த அன்று சாயங்காலமே மாடிவீட்டுக்காரர் தன் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லி, எப்போது வந்து பார்க்கிறாய் என்று கேட்டார். எதிர்வீட்டு அத்தை நாக்கை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அத்தே, நான் டாக்டருக்குப் படிக்கல. டாக்டர் ஒரு ஆளைப் பாப்பாங்க. நாங்க மொத்த ஊரையும் பாப்போம்."

"மொத்த ஊரையும் பாக்கறவளுக்கு என் ஒரு நாக்கைப் பாக்க நேரமில்லையாக்கும்" என்று அத்தை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பேச்சில்லை.

அப்பா வேறு மாதிரி எதிர்த்தார். பெரியவள் கணக்கு படித்து, கையோடு வேலைக்கும் போய்விட்டாள். சின்னவளும் அதே தண்டவாளத்தில் ஓடுவாள் என்று அவர் நம்பியிருந்தார்.

"கை கழுவச் சொல்லிக் குடுக்கறதுக்கு மூணு வருஷப் படிப்பா? அதை உனக்கு மூணு வயசுலயே சொல்லிக் குடுத்திட்டேனே!"

அது உண்மைதான். அப்பா கை கழுவினால் தெருவுக்கே கேட்கும். முழங்கைவரை நுரை, நகத்துக்கு நகம் தேய்ப்பு, நடுவில் இரண்டு தரம் தொண்டைக் கனைப்பு. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அம்மா தட்டு வைப்பார். கடைசியில் பேரம் படிந்தது: இரண்டு வருடம் படித்துப் பார்க்கலாம். இரண்டாம் வருடத் திட்டவேலையில் சறுக்கினால் மறுபேச்சு இல்லாமல் கணக்குப் படிப்பு.

அப்பா அந்தத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேறு இடம் கிடைக்காததால் அவர் மூலமாகத்தான் மேலாளரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. பெட்டி வடிவமைப்புப் பழக வந்த பெண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தன்னை மகள் என்று மூச்சுவிடக் கூடாது என்று சின்னவள் அப்பாவிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பா சத்தியத்தைக் கொஞ்சம் அளவுக்கு மீறியே காப்பாற்றினார். முதல் நாள் வாசலில் அவளைப் பார்த்ததும், "யாரும்மா நீங்க? இங்க என்ன வேலை?" என்று காவலாளியே திடுக்கிடும்படி அதட்டினார்.

முதல் நாள் பாதிப் பேர் கழுவினார்கள், பாதிப் பேர் கழுவவில்லை. அடுத்த நாள் கழுவுகிறவர்கள் கூடினார்கள். அதற்கடுத்த நாள் தொட்டிக்கு வரிசையே வந்துவிட்டது. பெட்டி மடிக்கும் இயந்திரத்தில் ஒரு பையன் இருந்தான். சட்டைப்பையில் எந்நேரமும் சீப்பு வைத்திருப்பதால் அவனுக்குச் சீப்பு என்றே பெயர். அவன் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தரம் கழுவினான், பின்னால் ஒரு தரம் கழுவினான், நடுவில் எதையோ மறந்துவிட்டவன்போல எழுந்து வந்து இன்னொரு தரமும் கழுவினான். அவன் நண்பர்களும் கழுவினார்கள். சோப்பு ஒரே வாரத்தில் தேய்ந்து வெற்றிலைபோல மெலிந்தது. சின்னவளின் தலையில் இடம் போதவில்லை. ஊக்குகள் பெரும்பாலும் வேலையில்லாமல் பைக்குள் கிடந்தன.

ஒட்டும் பிரிவுப் பெண்கள் வேறு காரணத்துக்காக வந்தார்கள். அவர்களின் தலைவியான பசையக்கா ஒவ்வொரு விரலாகக் கழுவிக்கொண்டே விசாரணையை நடத்தினார்.

"என்னம்மா, தலையில இவ்வளவு பின்னு? கழட்டினா தலை உருண்டு விழுந்திடுமா?"

"முடி ரொம்ப வழுக்குதுக்கா."

"வழுக்கும் வழுக்கும். இந்த வயசுல எல்லாந்தான் வழுக்கும். ஆளு யாரு? சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

யார்கிட்டயும் சொல்லமாட்டேன் என்று பசையக்கா சொன்னால் அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் லாரி ஓட்டுநர்கள்வரை போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்தது. சின்னவளுக்குக் 'கண்ணாடி' என்று பட்டப்பெயர் விழுந்தது.

அவளுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலில் தலை சாய்த்து (கழற்ற மறந்த பின் ஒன்று குத்தும், நிமிர்ந்துகொள்வாள்) கனவு கண்டாள். எங்கோ பனி பெய்கிற ஒரு நகரத்தின் மாநாட்டு மேடையில் அவளை அழைக்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாகக் கை கழுவும் தொழிலாளர்களைக் கண்டுபிடித்த பெண் இவள்தான் என்கிறார்கள். கைதட்டல் ஓயவே இல்லை.

அந்தக் கனவில் ஒரே ஒரு கல் தட்டுப்பட்டது. எல்லோரும் கழுவினார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் தினமும் சாப்பாட்டு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, தொட்டியின் பக்கமே திரும்பாமல், சுவரைப் பார்த்தபடி விறுவிறுவென்று கூடத்துக்குள் போனார். அவருக்காகத் தினமும் ஓர் ஊக்கு பையின் வாரில் ஏறியது.

அது அவளுடைய அப்பா.

நகத்துக்கு நகம் தேய்க்கிற அப்பா! வீட்டில் காட்டியதெல்லாம் வேஷமா? ஒவ்வொரு ஊக்கையும் அவள் யாருக்கோ குத்துவதுபோல வலியோடு குத்தினாள்.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. அப்பா வந்தவுடன் சாப்பாடு கேட்டார். தட்டில் விழுந்தது தெரியாமல் மறைந்தது. அம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"காலையில குடுத்தது அப்படியே திரும்பி வருது. என் சமையலுக்கு என்ன வந்திச்சு? இல்ல, வேற எங்கயாவது வாய் ருசி கண்டிடுச்சா?"

"பசிக்கல" என்றார் அப்பா, மூன்றாவது தடவை தட்டை நீட்டிக்கொண்டே.

மேடத்திடம் பாதிக் கணக்கைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. சின்னவள் பெருமையோடு நீட்டினாள். மேடம் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார். மேலே ஏற்றிப் பார்த்தார். பிறகு கழற்றியே வைத்துவிட்டார்.

"அறுவை சிகிச்சை அறையிலகூட இப்படிக் கழுவ மாட்டாங்கம்மா. ஒண்ணு நீ கதை விடறே, இல்ல அவங்க உனக்காக நாடகம் போடறாங்க."

"நான் கதை விடல மேடம்!"

"அப்ப நாடகம். அவங்களுக்கு நீ யாருன்னு தெரிஞ்சிருக்கு. இதை வச்சுத் தேற முடியாது. ஒரு வாரம் தர்றேன், நிஜமான கணக்கோட வா." மேடத்தின் விரல் தாளில் ஓரிடத்தில் நின்றது. "எனக்கு இந்தக் கூட்டத்துமேல நம்பிக்கை இல்ல. இந்தக் கழுவாத ஒருத்தர்மேலதான் நம்பிக்கை. யார் இவரு?"

சின்னவள் தொண்டையைச் செருமினாள். "ஒரு... வயசானவர் மேடம்."

"தினமும் கழுவலைன்னா ஏதோ காரணம் இருக்கு. போய் அவர்கிட்டப் பேசு."

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் அவள் சுற்றி வளைத்து ஆரம்பித்தாள்.

"தொழிற்சாலையில ஒருத்தர் மட்டும் கையே கழுவறதில்லப்பா."

அப்பா தலையைத் தூக்கவில்லை. "யாராம்?"

"ஒரு வயசானவர்."

"வயசானவரா?"

"கொஞ்சம் வழுக்கை."

அம்மா கரண்டியோடு நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த மடை உடைந்தது.

"எப்படிக் கழுவறது? நீயே சொல்லு! அந்தத் தொட்டிகிட்ட வர்றவன் எவனாவது குழாயைப் பாக்கறானா? கண்ணாடியைப் பாக்கறான். கண்ணாடியில உன்னைப் பாக்கறான். அந்த வரிசையில நானும் போய் நிக்கணுமா? பெத்தவன் நிக்கற இடமா அது?"

"என்னையா? என்னை எதுக்குப்பா பாக்கறாங்க?"

"ம்ம். கை சுத்தமாச்சான்னு கேக்கறதுக்கு!" அப்பாவின் குரல் ஏறியது. "நீ வந்த ரெண்டாம் நாளே அந்தச் சீப்பு என்கிட்டயே வர்றான். 'சார், நீங்க அனுபவசாலி. அந்தக் கண்ணாடிப் பொண்ணுகிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கலாம்'னு கேக்கறான். எனக்கு எப்படி இருக்கும்? அவ என் பொண்ணுடான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்திடுச்சு. நீதான் சத்தியம் வாங்கிட்டியே, முழுங்கிட்டேன்."

"என்னங்க சொன்னீங்க அவன்கிட்ட?" அம்மாவுக்கு ஆவல் தாங்கவில்லை.

"முதல்ல கையைச் சுத்தமாக் கழுவிப் பழகுடான்னேன்."

அவன் நடுநடுவே எழுந்து வந்து கழுவியதன் ரகசியம் சின்னவளுக்கு இப்போது விளங்கியது.

"அப்ப இந்த டப்பா?" என்றார் அம்மா.

அப்பா அதிர்ந்துபோய் அம்மாவைப் பார்த்தார். "கையக் கழுவாம சாப்பிடச் சொல்றியா?"

"கழிவறைக் குழாயில கழுவியிருக்கலாமே."

"சீச்சீ!"

இத்தனை நாளும் மனிதர் டப்பாவை மூடியபடியே முன்னால் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணீர் வந்தது, மறுபடி சிரிப்பு வந்தது. தள்ளி வைத்த தட்டை இழுத்து இன்னும் போட்டார்.

சின்னவளுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கழுவினவர்கள் அவளால் கழுவினார்கள். கழுவாதவரும் அவளால்தான் கழுவவில்லை. பெட்டித் தொழிற்சாலையின் கணக்கு என்று நினைத்து அவள் குத்திக்கொண்டதெல்லாம் அவளுடைய கணக்குத்தான். பனிநகரத்து மேடையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"நான் தேற மாட்டேன்பா" என்றாள். "மேடம் ஒரு வாரம்தான் குடுத்திருக்காங்க. கணக்குப் படிப்பிலயே சேத்துடுங்க."

இரண்டு வருடமாக அப்பா கேட்கக் காத்திருந்த வார்த்தை இதுதான். ஆனால் வந்து காதில் விழுந்தபோது அவருக்கு அது இனிக்கவில்லை. விரலால் தட்டில் கோடு போட்டார். "அதுக்குத்தான் இன்னும் ஒரு வாரம் இருக்கில்ல" என்றார், யாரையோ திட்டுவதுபோல.

சின்னவள் அறை மூலையைப் பார்த்தாள். அந்த வீட்டில் மூலை என்று ஒன்று இருந்தால் அங்கே ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். ஓரம் நசுங்கியது, எழுத்து தப்பாக அச்சானது என்று அப்பா தூக்கி வந்தவை. போர்வை ஒரு பெட்டியில், பாத்திரம் ஒரு பெட்டியில், எதற்கும் இருக்கட்டும் என்று வெறும் பெட்டிகள் ஒரு பெட்டியில். சிறுவயதில் அவளும் பெரியவளும் அதற்குள் ஒளிந்துகொண்டு ஓட்டை வழியாக அம்மாவை வேவு பார்ப்பார்கள்.

"அப்பா," அவள் மெதுவாகக் கேட்டாள், "குளிர்பதனப் பெட்டிக்கு ஒரு அட்டைப்பெட்டி செய்வீங்கள்ல... அதுக்குள்ள ஒரு ஸ்டூல் போட இடம் இருக்குமா?"

அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். "ரெண்டு ஸ்டூல் போடலாம்!"

மேடத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். "மேலாளர் சம்மதிச்சாரா?" என்று கேட்டார் மேடம். சம்மதித்தார் என்றதும் இன்னொரு கேள்வி கேட்டார்: "காத்து வர ஓட்டை இருக்கா?"

ஓட்டை இருந்தது. பின்பக்கம் காற்றுக்கு, முன்பக்கம் கண்ணுக்கு. நனையாமல் வைக்கவும் என்பதற்காக அச்சடித்த குடைப் படத்தின் நடுவில், கோடு தெரியாதபடி அப்பா கத்தியால் கீறியிருந்தார். தொட்டி ஓரமாக வைத்து, வேறு யாரும் தூக்கிவிடாமலிருக்க, 'பழுது. தொடாதே' என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டினார். மணி அடிக்கும் முன்பே சின்னவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பசையக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெண் பயிற்சி முடிந்து போய்விட்டாள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். இயந்திரங்கள் நிற்பதற்குள் ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது.

குடையின் நடுவிலிருந்து உலகம் வேறாகத் தெரிந்தது. முகங்களைவிடக் கைகள்தான் கண்ணில் பட்டன. முதலில் சீப்பு வந்தான். கண்ணாடியைப் பார்த்தான். அதில் அவனைத் தவிர யாரும் இல்லை. பெருமூச்சு விட்டான். சீப்பை எடுத்துக் குழாயில் நனைத்துத் தலையை வாரினான். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஊக்கு! சின்னவள் அதை ஆனந்தமாகப் பையின் வாரில் குத்தினாள். நிஜமான, கலப்படமில்லாத அழுக்குக் கை! அடுத்து வந்த இரண்டு பேர் தொட்டியைத் திரும்பியே பார்க்கவில்லை. அவர்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. பசையக்கா சுட்டுவிரல் நுனியை மட்டும் நீரில் காட்டிவிட்டு, பேச்சு அறுந்துவிடாமல் போனார். ஊக்கு. பிறகு எப்போதும் தனியாக வருகிற ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். அக்கம்பக்கம் பார்க்கவில்லை, கண்ணாடியும் பார்க்கவில்லை. சோப்பை எடுத்து, அவசரமில்லாமல், விரல்களுக்கு இடையிலெல்லாம் தேய்த்துக் கழுவினார். சின்னவள் ஒரு ஹேர்பின்னைத் தலையில் குத்திக்கொண்டாள். இதுவரை குத்திய எல்லாவற்றையும்விட அது கனமாக இருந்தது.

இப்படியே கூட்டம் கலந்துகட்டியாக வந்து போனது. நாளைக்கும் மறுநாளும் இப்படியே வந்தால் போதும், மேடம் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்காது.

தொட்டி காலியானபோது அப்பா வந்தார்.

டப்பாவைக் கீழே வைத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். குழாயைத் திறந்தார். வீட்டில் கேட்கிற அதே சத்தம் தொடங்கியது. நுரை முழங்கையைத் தாண்டியது, நகத்துக்கு நகம் தேய்ந்தது, தொண்டை கனைத்தது. இரண்டாம் தரமும் கனைத்தது. உள்ளங்கையைக் குடையை நோக்கித் திருப்பிக் காட்டினார். புறங்கையையும் காட்டினார். பிறகு எங்கோ பார்ப்பதுபோலப் பெட்டியின் பக்கம் சாய்ந்தார்.

"எண்ணிட்டியா?"

பெட்டி தயங்கியது. "நீங்க கணக்குல வரமாட்டீங்கப்பா."

"ஏன்?"

"உங்களுக்குத்தான் நான் பாக்கறது தெரியுமே. தெரிஞ்சவங்களைச் சேக்கக் கூடாது."

"இவ்வளவு நேரம் கழுவினேனே!"

"தெரியும்பா. பாத்தேன்."

"அப்ப நான் பட்டினி கிடந்தது?"

"அதுவும் வராதுப்பா."

அப்பா ஈரக் கையை உதறினார். டப்பாவைக் கையில் எடுத்தார். மறுபடி சாய்ந்தார்.

"அடுத்த வருஷத்துக்கும் இந்தப் பெட்டி போதுமா? இல்ல, கொஞ்சம் பெரிசா வேணுமா?"

பெட்டிக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

"அழாதம்மா. அட்டை ஊறிடும்" என்றார் அப்பா.

நிமிர்ந்து திரும்பியபோது பின்னால் சீப்பு நின்றிருந்தான். காலி டப்பா ஒரு கையில், திறந்த வாய் முகத்தில். பழுது என்று எழுதி ஒட்டிய பெட்டியிடம் சூப்பர்வைசர் குனிந்து, அழாதே என்று சமாதானம் சொன்னதை முழுக்கப் பார்த்துவிட்டான்.

"சார்..."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல சார்." அவன் கண் பெட்டிக்கும் அவருக்குமாக ஓடியது. "நீங்க இன்னும் சாப்பிடலையா சார்? இப்பக் கொஞ்ச நாளா நீங்க சாப்பிடறதே இல்லைன்னு..."

"இப்பச் சாப்பிடத்தான் போறேன். நீ கையக் கழுவினியா?"

சீப்பு பாய்ந்துபோய்க் குழாயைத் திறந்தான். சோப்பை எடுத்து முழங்கைவரை தேய்த்தான். தேய்த்துக்கொண்டே பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தான். அது இலேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே சின்னவள் ஒரு கையில் ஹேர்பின்னையும் மறு கையில் ஊக்கையும் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரிப்பதற்குப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டையும் மடியில் போட்டுவிட்டாள். கூடத்துக்குள்ளிருந்து, வெகுநாளாகத் திறக்கப்படாத ஒரு டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.